எழுத்துச் சரம் தொடுப்போம்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

அந்தி நேரத்தில் அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் நடந்து செல்லும்போது பூக்காரம்மா மல்லிகைச் சரம் தொடுப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பூவோடு பூவை வைத்து நாரால் ஒரு சுற்று. அவ்வளவுதான், சரம் நீண்டுகொண்டே போகும். முழம் போட்டு அளப்பதும், கேட்ட அளவுக்கு நறுக்கிக் கொடுப்பதும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

கணிப்பொறியும் இவ்வாறே ஒரு சரம் தொடுக்கிறது. அங்கே பூவுக்குப் பதில் எழுத்து. நம் பெயர், ஊர், முகவரி, வினாத்தாள், இந்த ஆண்டு மலர் ஆகிய யாவும் கணிப்பொறிக்குள் எழுத்துச் சரங்களே. மேல்நிலை வகுப்பில் அக்காமார் படிக்கும் கணினிப் பாடத்திலும் இதற்குச் ‘சரம்’ என்றே பெயர். இந்தச் சரத்தை வெவ்வேறு கணினி மொழிகள் எப்படிக் கையாளுகின்றன, எது விரைவானது, எது நம் தமிழுக்கு ஏற்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாட்டி அன்னமான கதை

இதை நாங்கள் ஆராயப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியின் பெயர் அன்னம்மாள். ஓர் அட்டைக்காகப் பாட்டியின் பெயரைத் தமிழில் பதிவு செய்தார்கள். பெயர்க் கட்டத்தின் அருகே ‘20 எழுத்துகளுக்கு மிகாமல்’ என்று இருந்ததாம். அன்னம்மாள் என்பதில் ஆறே எழுத்துகள்தாமே! கவலையின்றிப் பதிந்துவிட்டு வந்தார்கள். அட்டை கைக்கு வந்தபோது அதில் ‘அன்னம்’ என்றும், அதன் பின்னே ஒரு கேள்விக்குறியும் அச்சாகியிருந்தன. குடும்ப அட்டையில் ஒரு பெயர், இதில் வேறொரு பெயர். “அறுபது வருஷமா அன்னம்மாளா இருந்தேன். இப்ப என்னைப் பறவையாக்கிட்டாங்களே!” என்று பாட்டி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்களாம். ஆனால் அந்தப் பிழையைத் திருத்துவதற்காக முழங்கால் வலியோடு அவர்கள் இரண்டு முறை பேருந்து ஏற வேண்டியிருந்தது.

இதைக் கேட்டு எங்களுக்கு வருத்தமும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. இருபது எழுத்துக்கு இடம் இருந்தும் ஆறெழுத்துப் பெயர் ஏன் அறுபட்டது? எங்கள் கணினி ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டோம். “விடையை நான் சொல்லமாட்டேன். நம் ஊர்ப் பெயருக்கு எத்தனை எழுத்து என்று கணிப்பொறியைக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்றார்கள்.

ஒன்பதா, பதினான்கா, நாற்பத்திரண்டா?

அ, ச், ச, ர, ப், பா, க், க, ம். விரல்விட்டு எண்ணினால் அச்சரப்பாக்கம் என்ற பெயரில் ஒன்பது எழுத்துகள். முதல் வகுப்புத் தங்கையும் தவறாமல் சொல்வாள். ஆனால் பைத்தான் மொழியில் நீளம் கேட்கும் ‘லென்’ என்னும் கட்டளையைக் கொடுத்தபோது திரையில் 14 என்று வந்தது. தட்டச்சில் பிழையோ என்று மீண்டும் அடித்தோம். மீண்டும் 14. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே 14 என்றே சொல்லும். சி மொழியிலும் கோ மொழியிலும் நீளம் கேட்டாலோ, வழக்கமான யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய சரத்துக்கு 42 என்று விடை வரும். ஸ்விஃப்ட் மொழி மட்டும் நம்மைப் போலவே 9 என்கிறது.

இவற்றுள் எந்த மொழியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றை எண்ணுகிறது. அது எப்படி?

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறி என்னும் யூனிகோடு முறை 1991-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். நம் எழுத்துகளோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. எனவே எல்லா எழுத்துக்கும் தனி இடம் கிடைக்கவில்லை. உயிரெழுத்துகளும் ஆய்தமும், க, ங, ச முதலிய அகரமேறிய மெய்களும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளும் மட்டுமே இடம் பெற்றன. ‘பா’ என்பது ‘ப’வும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடு. ‘ப்’ என்பது ‘ப’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடு.

இலக்கண வகுப்பில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, ‘ப’ போன்ற குறிலுக்கு ஒரு மாத்திரை என்று படித்தோம். ஒருங்குறியிலோ அரை மாத்திரை ‘ப்’ இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரு மாத்திரை ‘ப’ ஒரே இடத்தில் அடங்கிவிடுகிறது! இவ்வாறு எண்ணினால் நம் ஊர்ப் பெயருக்குப் பதினான்கு குறியீடுகள் ஆகின்றன.

இனி 42-க்கு வருவோம். குறியீட்டு எண்களைக் கணிப்பொறியின் நினைவகத்தில் பைட்டுகளாக வைக்க வேண்டும். இதற்கு இன்று பெரிதும் வழங்கும் முறை யூ.டி.எஃப்-8. கென் தாம்ப்சன், ராப் பைக் என்னும் இருவர் 1992-இல் இதனை உருவாக்கினார்கள். இம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். பதினான்கை மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. ஆகவே,

நாம் காணும் எழுத்துகள் – 9
ஒருங்குறிக் குறியீடுகள் – 14
யூ.டி.எஃப்-8 பைட்டுகள் – 42

இப்போது பாட்டியின் பெயருக்குத் திரும்புவோம். அன்னம்மாள் என்பதில் எழுத்து ஆறு, குறியீடு பத்து, பைட் முப்பது. ‘20 எழுத்து’ என்று எழுதியவர் கணக்கிட்டது 20 பைட். அதில் ஆறு குறியீடுகள் பதினெட்டு பைட்டில் முழுமையாக அமர்ந்தன. அ, ன, புள்ளி, ன, ம, புள்ளி என்ற அந்த ஆறும் சேர்ந்தால் ‘அன்னம்’. எஞ்சிய இரண்டு பைட்டில் ஏழாம் குறியீட்டின் பாதி மட்டும் நுழைந்தது. பாதிக் குறியீட்டுக்குப் பொருள் இல்லை ஆதலால் அது கேள்விக்குறி ஆயிற்று. கணக்கு இம்மியும் பிசகாமல் ஒத்து வந்ததைக் கண்டு எங்கள் தோழிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விரைவு எங்கே, தாமதம் எங்கே?

எழுத்துச் சரத்தில் நாம் செய்யும் வேலைகள் சில: நீளம் காண்பது, ஒட்டுவது, நறுக்குவது, தேடுவது, அகரவரிசைப்படுத்துவது. ஒரு மொழி ஒன்றில் விரைவாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் இருக்கக்கூடும்.

முதலில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியைப் பார்ப்போம். அதில் சரத்தின் நீளம் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை. சரத்தின் இறுதியில் ஒரு சுழியம் வைக்கப்படும். அது வரும்வரை ஒவ்வொரு பைட்டாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். சரத்தின் வாலில் ஒன்றை ஒட்டுவதற்கும் முதலிலிருந்து நடந்து சென்றுதான் வாலைக் காண வேண்டும். பாவாடை ஓரம் தைக்கும் ஒருத்தி, ஒவ்வொரு தையலுக்கும் துணியின் முதல் நுனியிலிருந்து விரலால் தடவி வந்து விட்ட இடத்தைத் தேடினால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். டர்போ பாஸ்கல் என்னும் பழைய மொழி நீளத்தைச் சரத்தின் முதல் பைட்டிலேயே எழுதி வைத்தது. ஒரு பார்வையில் நீளம் தெரிந்தது. ஆனால் ஒரு பைட்டில் 255-க்கு மேல் எழுத இயலாதாகையால் அதைவிட நீண்ட சரம் அதில் இல்லை. இன்று ஜாவா, பைத்தான், கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் நீளத்தைப் பெரிய எண்ணாகவே உடன் வைத்துக்கொள்கின்றன.

சி மொழி பைட்டுகளை நேராகத் தொடுவதால் தேர்ந்த கையில் மிக விரைவானது. ஆனால் கட்டம் நிரம்பியதா என்று அது தானாகப் பார்க்காது. 1988-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ‘மாரிஸ் புழு’ என்னும் நிரல் பல கணிப்பொறிகளுக்குள் புகுந்து அவற்றை முடக்கியது. அது புகுந்த வழிகளுள் ஒன்று இதுவே. 512 பைட் கொள்ளும் இடத்தில் அதைவிட நீண்ட சரத்தைத் திணித்து உள்ளே நுழைந்தது. வேகம் மட்டுமே நன்மை ஆகாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்து, ஒட்டும் வேலை. ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகிய மொழிகளில் கட்டி முடித்த சரத்தை மாற்ற முடியாது. ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டுமானால் பழைய சரத்தை முழுவதும் படியெடுத்துப் புதிய சரம் செய்ய வேண்டும். பூக்காரம்மா ஒவ்வொரு பூவைச் சேர்க்கும்போதும் புதிய நாரை எடுத்து முதல் பூவிலிருந்தே மறுபடி கட்டினால் என்ன ஆகும்? ஆயிரம் பூவுக்கு 1 + 2 + 3 + … + 1000 முடிச்சுகள். நம் கூட்டுத்தொடர் வரிசைக் கணக்கின்படி 1000 × 1001 ÷ 2 = 5,00,500 முடிச்சுகள்! மாலைப் பூசைக்குத் தொடுத்த சரம் மறுநாள் காலைக்குத்தான் வரும்.

இதற்கு வழி உண்டு. முதலிலேயே நாரைச் சற்று நீளமாக விட்டு வைப்பது. தீர்ந்தால் இருமடங்கு நீளமான நாருக்கு மாற்றுவது. ஓர் இடத்தில் தொடங்கி 2, 4, 8 என்று 1024 வரை இருமடங்காக்கிச் சென்றால், மாற்றிக் கட்டியவை 1 + 2 + 4 + … + 512 = 1023. புதிதாகச் சேர்த்தவை 1000. ஆக மொத்தம் 2,023 முடிச்சுகளே. ஐந்து இலட்சம் எங்கே, இரண்டாயிரம் எங்கே! ஜாவாவில் 2004-இல் வந்த ‘ஸ்ட்ரிங்பில்டர்’ இந்த முறையில்தான் வேலை செய்கிறது. பைத்தானில் துண்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து இறுதியில் ‘ஜாயின்’ கட்டளையால் ஒரே முறையில் தொடுப்பார்கள். பைத்தான் சில வேளைகளில் தானாகவே பழைய சரத்தை இருந்த இடத்தில் நீட்டிக்கொள்ளும். எனினும் அதை நம்பி எழுதலாகாது என்பதே வல்லுநர் அறிவுரை. ஆகவே மெதுவான மொழியில் நல்ல முறை, விரைவான மொழியின் மோசமான முறையை எளிதில் வென்றுவிடும்.

நினைவக இடமும் கவனிக்கத்தக்கது. பைத்தான் 2012 முதல் ஒரு சிக்கன முறையைக் கையாளுகிறது. ஆங்கிலச் சரமாயின் குறியீட்டுக்கு ஒரு பைட், தமிழாயின் இரண்டு பைட். அச்சரப்பாக்கம் 28 பைட்டில் அடங்கும். ஆனால் அதன் வாலில் ஒரேயொரு சிரிக்கும் முகப் படத்தைச் சேர்த்துவிட்டால் எல்லாக் குறியீட்டுக்கும் நான்கு பைட் ஆகி, 15 × 4 = 60 பைட் வேண்டும். ஒரு விருந்தாளிக்காக வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் பெரிதாக மாற்றுவது போன்றது இது! ஆயினும் இதில் ஒரு நன்மை உண்டு. எல்லாம் ஒரே அளவாதலால் ஐந்நூறாவது குறியீட்டை நேராகத் தாவிச் சென்று எடுக்கலாம். யூ.டி.எஃப்-8 முறையில் அளவுகள் மாறுபடுவதால் முதலிலிருந்து நடந்தே போக வேண்டும்.

ஸ்விஃப்ட் மொழி 9 என்று சரியாகச் சொன்னதே, அதற்கும் ஒரு விலை உண்டு. எந்தப் புள்ளி எந்த எழுத்தோடு சேரும், எந்தக் கால் எதற்கு உரியது என்று சரம் முழுவதையும் ஆராய்ந்துதான் அது எண்ணுகிறது. ஆகவே வெறும் பைட் எண்ணிக்கையைவிட அதற்குக் கூடுதல் நேரம் ஆகும். சரியான விடைக்குக் கொடுக்கும் நேரம் வீண் நேரமன்று.

விகடகவி படும் பாடு

விரைவைப் பற்றிப் பேசும்போது சரியைப் பற்றியும் பேச வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்கப்படும் ‘விகடகவி’ என்னும் சொல்லை அறியாதார் யார்? இச்சொல்லைத் திருப்பிப் பார்த்து, அது முன்பின் ஒத்த சொல்லா என்று பைத்தானில் சோதித்தோம். ‘இல்லை’ என்று வந்தது! காரணம் இதுதான். கணிப்பொறி ‘வி’ என்பதை ‘வ’ என்றும் கொக்கி என்றும் இரண்டாகப் பிரித்துத் திருப்பியது. ஆகவே கடைசிக் கொக்கி முதலில் அநாதையாக நிற்க, மற்றொரு கொக்கி நடுவிலுள்ள ‘க’வோடு ஒட்டிக்கொண்டு ‘வகடகிவ’ என்று ஆயிற்று.

பெயர்ப் பட்டியலிலும் இதே தொல்லை. மல்லிகா, மனோன்மணி என்ற இருவரில் தமிழ் அகரவரிசைப்படி மல்லிகாவே முன்னே வர வேண்டும். லகரத்துக்குப் பின்னர்தானே னகரம்? ஒருங்குறியிலோ ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் மனோன்மணி முந்திக்கொள்வாள். அவ்வாறே அகராதியில் ‘அம்மா’வுக்கு முன் ‘அன்பு’ வந்துவிடும். சரியான வரிசை வேண்டுமாயின் ஒவ்வொரு பெயருக்கும் தமிழ் முறைப்படி வரிசைத் திறவு ஒன்றை ஆக்கி ஒப்பிட வேண்டும். இதற்கும் நேரம் செலவாகும். ஆயிரம் பெயரை அடுக்கச் சுமார் 10,000 ஒப்பீடுகள் தேவை. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இருவருக்கும் திறவு செய்தால் 20,000 முறை செய்ய நேரும். முதலிலேயே பெயருக்கு ஒன்றாகச் செய்து வைத்துக்கொண்டால் 1,000 முறை போதும்.

தேடுவதில் இன்னொரு வேடிக்கை. ‘கொடி’ என்பதிலுள்ள ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ வேறு வேறு. தேடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று வரும்.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். திரிபுரம் எரிக்கச் சென்ற சிவபெருமானின் தேர் அச்சு இற்ற இடம் ஆதலால் அச்சிறுபாக்கம் எனப் பெயர் வந்தது என்பது ஊர்க் கதை. இன்று அச்சரப்பாக்கம், அச்சிறுப்பாக்கம், அச்சரபாக்கம் என்று பலவாறு எழுதுகிறார்கள். நமக்கு எல்லாம் ஓர் ஊர். கணிப்பொறிக்கு மூன்று ஊர்! இச்சிக்கலுக்கு 1965-இல் லெவன்ஷ்டைன் என்னும் ருஷ்ய அறிஞர் ஓர் அளவு கண்டார். ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை மாற்றம் தேவை என்று எண்ணுவதே அது. அச்சரப்பாக்கத்தை அச்சிறுப்பாக்கம் ஆக்க, எழுத்தாக எண்ணினால் ‘ச’வைச் ‘சி’ ஆக்கி ‘ர’வை ‘று’ ஆக்க இரண்டே மாற்றம். குறியீடாக எண்ணினால் மூன்று. மாற்றம் குறைவு என்று கண்டால் “இதுவும் அதுவும் ஒன்றாக இருக்கலாமோ?” என்று கணிப்பொறியே நம்மைக் கேட்கும்படி செய்யலாம்.

தமிழுக்காக நடந்த முயற்சிகள்

இவற்றையெல்லாம் தமிழறிஞர்களும் பொறியாளர்களும் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். 1990-களில் ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் மற்றொருவர் கணிப்பொறியில் வேற்றுக் குறிகளாகத் தெரிந்தது. ஆளுக்கொரு எழுத்துருவும் குறியீடும் இருந்தமையே காரணம். இதற்கு முடிவு காண 1999-இல் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியீட்டு முறைகளும் அதன் விளைவுகள். பின்னர் 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், ‘டேஸ்-16’ எனப்படும் அனைத்தெழுத்து முறையையும் தரமாக அறிவித்தது.

டேஸ்-16 முறையில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு பைட். எனவே அச்சரப்பாக்கம் 9 எழுத்து, 18 பைட். மெய்யின் எண்ணோடு உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண் வந்துவிடும். இலக்கணம் சொல்வதே கணக்காகவும் அமைந்துவிடுகிறது. எண்ணுவதும் திருப்புவதும் அடுக்குவதும் எளிது. ஆனால் இவ்வெண்கள் ஒருங்குறியில் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் இருப்பதால், உலகெங்கும் உள்ள கைப்பேசிகளும் கணிப்பொறிகளும் அவற்றைத் தாமாகப் புரிந்துகொள்வதில்லை. ஆகவே அன்றாட வழக்கில் ஒருங்குறியே நிலைத்தது.

ஒருங்குறியில் இருந்துகொண்டே தமிழ் எழுத்தைத் தமிழாகப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். முத்து அண்ணாமலை முதலிய தன்னார்வலர்கள் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பைப் பைத்தானோடு சேர்த்துக்கொண்டால், சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். அதைக் கொண்டு நாங்கள் மீண்டும் ஊர்ப் பெயரை எண்ணினோம். 9 என்று வந்தது. விகடகவியைத் திருப்பினோம். விகடகவியாகவே திரும்பி வந்தது. ஆய்வகத்தில் எழுந்த கைதட்டல் ஒலி கேட்டு அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்!

நாம் அறிந்துகொண்டவை

எந்தக் கணினி மொழி விரைவானது என்று தொடங்கினோம். எந்த வேலைக்கு என்று கேட்காமல் அதற்கு விடை இல்லை. கோப்பைப் பைட் பைட்டாகப் படியெடுக்கச் சி, கோ, ரஸ்ட் போன்றவை மிக விரைவு. எளிதாக எழுதிச் சோதித்துப் பார்க்கப் பைத்தான் நன்று. எழுத்தை எழுத்தாகவே எண்ண ஸ்விஃப்ட் போன்ற மொழியோ, ஓப்பன் தமிழ் போன்ற துணையோ வேண்டும். அதைவிட முக்கியம், பைட், குறியீடு, எழுத்து ஆகிய மூன்றில் எதனை எண்ணுகிறோம் என்று நிரல் எழுதுபவர் தெரிந்திருப்பது. ‘20 எழுத்து’ என்று கட்டம் போட்டவர் ஒரேயொரு தமிழ்ப் பெயரை இட்டுச் சோதித்திருந்தால், ஒரு முதியவர் முழங்கால் வலியோடு பேருந்து ஏறியிருக்க வேண்டாம்.

அன்னம்மாள் பாட்டியின் அட்டை இப்போது திருத்தி வந்துவிட்டது. இம்முறை ‘ள்’ என்னும் கடைசி எழுத்தின் புள்ளி வரைக்கும் சரியாக இருக்கிறதா என்று பாட்டியே கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார்களாம். அன்புத் தோழியரே, நம்மில் சிலர் நாளை இத்தகைய கட்டங்களை அமைக்கும் பணிக்குச் செல்லக்கூடும். அன்று முதல் சோதனையாக நம் பாட்டியின் பெயரையே இட்டுப் பார்ப்போம். ஆறெழுத்தும் முழுதாக வந்தால் மட்டுமே வேலை முடிந்ததெனக் கொள்வோம்.